கடலில் ஒரு எஞ்சின் நின்றால்: இரட்டை அவுட்போர்டு படகைக் கரை சேர்க்கும் முறை

இந்த வழிகாட்டி, 22 முதல் 30 அடி வரை நீளமும், பின்பலகையில் வெளிப்புறமாகத் தொங்கும் இரண்டு அவுட்போர்டு எஞ்சின்களும், ஸ்டீயரிங் சக்கரமும் உள்ள ஃபைபர் படகுகளுக்கானது. புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து தூண்டில் மீன்பிடிப்புக்கும் முக்குளிப்புக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு கரையில் இருப்பவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும். செய்யும் வேலைகளின் வரிசை மாறாது.

அந்த வரிசைதான் முக்கியம். புதிதாகப் படகு ஓட்ட வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: எஞ்சின் நின்ற உடனே அனைவருடைய கண்ணும் கையும் நின்ற எஞ்சினை நோக்கியே போகின்றன. நம்மைக் கரை சேர்க்கப்போவதோ ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின். அதைக் கெடுக்காமல் கரை வரைக்கும் கொண்டுவருவதற்காகவே கீழே உள்ள ஒவ்வொரு படியும் அமைந்திருக்கிறது.

1. புறப்படும் முன்பே முடித்திருக்க வேண்டியவை

இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் தனித்தனியாக வர வேண்டும். ஒரே தொட்டி, ஒரே ஃபில்டர், ஒரே குழாயில் பிரிந்து செல்லும் இணைப்பு என்று இருந்தால், படகில் இரண்டு எஞ்சின் இருந்தும் நம்பக்கூடியது ஒன்றே என்று பொருள். தனித்தனித் தொட்டி வைக்க இடமில்லாத படகில், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரையாவது எஞ்சினுக்கு ஒன்றாகப் பொருத்துங்கள். அத்துடன் 20 லிட்டர் சுத்தமான பெட்ரோலை மூடி இறுக்கிய தனிக் கேனில், வேறொரு நாளில், வேறொரு பெட்ரோல் பங்கில் நிரப்பி வையுங்கள். வேறு நாள் என்பதற்கான காரணத்தை நான்காம் பகுதியில் விளக்குகிறேன்.

பேட்டரியும் அப்படியே. எந்த பேட்டரி எந்த எஞ்சினைக் கிளப்புகிறது, படகின் அடித்தண்ணீரை இறைக்கும் பம்பு எந்த பேட்டரியில் ஓடுகிறது, ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் எதில் ஓடுகின்றன என்பதை ஒரு அட்டையில் எழுதிச் சக்கரத்தின் அருகே ஒட்டுங்கள். ஓர் எஞ்சின் நின்றால் அது சார்ஜ் செய்துகொண்டிருந்த பேட்டரிக்கும் வரவு நின்றுவிடும். இறைக்கும் பம்பு அந்த பேட்டரியில் இருந்தால், இரண்டு மணி நேரம் கழித்து அதுவும் நின்றுபோகக்கூடும்.

பலரும் செய்யாமல் விடுவது ஒற்றை எஞ்சின் ஒத்திகை. அலை குறைந்த ஒரு நாளில் இடது எஞ்சினைத் தூக்கிவிட்டு வலதில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். 2000, 2500, 3000, 3500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) படகு எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் போகிறது, மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று குறித்துவையுங்கள். இந்த ஒரு தாள் இல்லாதவர், ஆபத்து நேரத்தில் கணக்குப் போட முடியாமல் ஊகத்தில் ஓட்டுவார்.

கூடவே இருக்க வேண்டியவை: கில் சுவிட்சின் (கொக்கி இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) மாற்றுக் கொக்கி, எஞ்சினுக்குரிய ஃபியூஸ்கள், இரண்டு மாற்று எரிபொருள் ஃபில்டர், கையால் அழுத்தி எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளும் ரப்பர் பல்புடன் கூடிய ஒரு முழு எரிபொருள் குழாய், பிளக்குகளும் அதன் ஸ்பேனரும், பெரிய தட்டை ஸ்குரூடிரைவர், நீண்ட நங்கூரக் கயிறு, இழுவைக்கான தனிக் கயிறு, அனைவருக்கும் உயிர்காப்புச் சட்டை.

2. முதல் இரண்டு நிமிடங்கள்

எஞ்சின் சத்தம் மாறிய நொடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு த்ராட்டிலையும் பின்னுக்கு எடுத்து, இரண்டு கியரையும் நியூட்ரலில் வையுங்கள். நின்ற எஞ்சினின் கியரையும் மறக்காமல் நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்; கியரில் கிடக்கும் எஞ்சின் மீண்டும் ஸ்டார்ட் ஆகாது. அதைக் கோளாறு என்று எண்ணி மூடியைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடும் எஞ்சினை அணைக்காதீர்கள். அது இயல்பாக ஓடிக்கொண்டிருந்தால் நியூட்ரலில் மெதுவாக ஓடட்டும். அணைத்தபின் ஏதோ ஒரு காரணத்தால் கிளம்பாமல் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. இதற்கு ஒரே விதிவிலக்கு, யாராவது பின்பலகைக்கு வெளியே கை நீட்டிப் புரொப்பல்லரைத் தொட வேண்டிய நிலை. அப்போது இரண்டையும் அணைத்து, சாவிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கை நீட்ட வேண்டும்.

அடுத்து, கடலைப் பாருங்கள். படகு எந்தப் பக்கம் மிதந்து போகிறது, பக்கத்தில் கப்பலோ விசைப்படகோ வருகிறதா, வலை மிதவைகள் தெரிகின்றனவா என்று பார்த்து, ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். அலை பக்கவாட்டில் அடித்துப் படகு உருண்டால், ஓடும் எஞ்சினை மெதுவாகக் கியரில் போட்டு அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, அலைக்கு நேராகத் திருப்பி வையுங்கள். உருளும் படகில் செய்யும் எந்தப் பழுதுவேலையும் பாதியில் நிற்கும். கழற்றிய போல்ட்டும் கடலுக்குள் போகும்.

எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டியதும் இந்த நேரத்தில்தான். கடல் அமைதியாக இருக்கும்போது அணியச் சொன்னால் யாரும் பதறமாட்டார்கள்.

3. காரணத்தைத் தேட 15 நிமிடம்

கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 15 நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியாத கோளாறு, பெரும்பாலும் கடலில் சரிசெய்ய முடியாத கோளாறாகவே இருக்கும். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் பகல் வெளிச்சத்திலிருந்து கழிகிறது.

எஞ்சின் எப்படி நின்றது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். திடீரென, விளக்கை அணைத்ததுபோல நின்றிருந்தால் மின்சாரத்தில் கோளாறு: கில் சுவிட்சின் கொக்கி இழுபட்டிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், பேட்டரி முனை கழன்றிருக்கலாம். பல இரட்டை எஞ்சின் படகுகளில் எஞ்சினுக்கு ஒரு கில் சுவிட்ச் தனியாக இருக்கும். யாருடைய காலோ பையோ ஒன்றை மட்டும் இழுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும். எனவே எப்போதும் அதையே முதலில் பாருங்கள்.

இழுத்து இழுத்து, தடுமாறி, ஆர்பிஎம் இறங்கி நின்றிருந்தால் எரிபொருள். தொட்டியின் காற்றுத் துவாரம் திறந்திருக்கிறதா, குழாய் மிதிபட்டு மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரப்பர் பல்பை, அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அழுத்துங்கள். பல்பு இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது அல்லது தொட்டி காலி. பல்பு அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டு மீளாமல் இருந்தால், பல்புக்கு முன்னால் தொட்டிப் பக்கத்தில் அடைப்பு இருக்கிறது.

எச்சரிக்கை ஒலியோடு நின்றிருந்தாலோ வேகம் தானாகக் குறைந்திருந்தாலோ, எது ஒலித்தது என்று மீட்டரில் பாருங்கள். சூடேறியதாகக் காட்டினால் எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பையை எடுத்தபின் நன்றாக ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் குளிர்வதைக் காட்டப் பின்புறம் பீய்ச்சும் சோதனைத் தண்ணீர் வழக்கம்போல வர வேண்டும். வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்ததாகக் காட்டினால் அந்த எஞ்சினுக்கு அன்றைக்கு வேலை முடிந்தது. மீண்டும் கிளப்பிப் பார்ப்பது, சிறு செலவில் முடிய வேண்டியதை முழு எஞ்சின் செலவாக்கிவிடும்.

எஞ்சின் ஓடுகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால், புரொப்பல்லரின் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. இது முழுச் சாவு அல்ல. மெதுவான ஆர்பிஎம்மில் அது பிடித்துக்கொள்ளக்கூடும். அவசரத்துக்கென்று அதை ஒதுக்கி வையுங்கள்.

சாவியைத் திருகும்போது பத்து நொடிக்கு மேல் திருகிப் பிடிக்காதீர்கள். நின்று, சற்று ஆறவிட்டு, மீண்டும் முயலுங்கள். ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம். பேட்டரி தீரும்வரை திருகிக்கொண்டே இருப்பது புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பொதுவானது. அந்த பேட்டரிதான் ரேடியோவுக்கும் பம்புக்கும் உரியது என்றால் அதன் விளைவு எஞ்சினோடு நிற்காது.

ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன் நின்ற எஞ்சினின் பேட்டரி சுவிட்சை அணைத்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தாதபடி கீழே பாத்திரம் பிடியுங்கள். இன்னொன்று: ஓடும் எஞ்சினிலிருந்து பிளக்கோ ஃபியூஸோ கழற்றி நின்ற எஞ்சினில் போட்டுப் பார்க்கும் பழக்கம் கரையில் சரி. கடலில் ஒருபோதும் கூடாது.

4. அதே காரணம் மற்ற எஞ்சினையும் நிறுத்துமா?

நின்ற எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கரையை நோக்கி நகரக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க உங்களுக்கு நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

மின்கம்பி கழன்றது, புஷ் வழுக்கியது, பை அடைத்தது ஆகியவை ஒரு எஞ்சினுக்கு மட்டும் வந்த தனிக் கோளாறுகள். கெட்ட பெட்ரோல் அப்படியல்ல. இரண்டு தொட்டியையும் ஒரே காலையில் ஒரே பங்கில் நிரப்பியிருந்தால், ஒன்றில் இருக்கும் தண்ணீர் மற்றதிலும் இருக்கும். ஒரு எஞ்சின் சற்று முன்னதாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னுடன் கலந்துவைத்துக்கொள்ளும். அளவு மீறும்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்கு உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் தொட்டியின் அடியில்தான். பாதி காலியான தொட்டியை வாரக்கணக்கில் கடற்காற்றில் நிறுத்திவைத்திருந்த படகில் இது எளிதாக நடக்கும். துறையில் கட்டியிருந்தவரை அசையாமல் அடியில் கிடந்த தண்ணீர், கடலில் அலை குலுக்கும்போதுதான் மேலே கலங்கிவரும். கோளாறு கரையில் தெரியாமல் நடுக்கடலில் தெரிவதற்குக் காரணம் இதுவே.

சோதனை எளிது. நின்ற எஞ்சினின் ஃபில்டரில் உள்ளதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். கீழே தனியாக ஓர் அடுக்கு நின்றாலோ பெட்ரோல் கலங்கலாகப் பால்போலத் தெரிந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. அப்போது ஓடும் எஞ்சினின் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து, தனியாகக் கொண்டுவந்த கேனில் போடுங்கள். வேறு நாளில் வேறு பங்கில் நிரப்பச் சொன்னது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். இணைப்பை மாற்றுவதற்காக எஞ்சினை நியூட்ரலில் வைத்து, மாற்றியவுடன் பல்பை அழுத்திக் குழாயை நிரப்பிக்கொள்ளுங்கள்.

20 லிட்டர் கரை வரைக்கும் போதாது என்றால், அதைக் கடைசிக் கட்டமான முகத்துவாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதுவரை மாற்று ஃபில்டர் போட்டு, அரை மணிக்கொரு முறை ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்துக்கொண்டே வாருங்கள். மெதுவாக உறிஞ்சும்போது ஃபில்டருக்குத் தண்ணீரைப் பிரிக்க நேரம் கிடைக்கிறது; ஆகவே குறைந்த வேகம் இங்கே இருமடங்கு பயன் தருகிறது.

5. இப்போதே தகவல் சொல்லுங்கள்

ஒரு எஞ்சின் ஓடும்வரை இது உயிராபத்து அல்ல. ஆகவே உயிராபத்தின்போது ரேடியோவில் விடுக்கும் மேடே அழைப்புக்கு இடமில்லை. ஆனால் யாருக்கும் சொல்லாமல் வருவதும் தவறு. விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் அருகிலுள்ள படகுகளை அழைத்து, உங்கள் இடம், படகில் உள்ளவர்களின் எண்ணிக்கை, ஒற்றை எஞ்சினில் எந்தத் துறையை நோக்கி எத்தனை நாட் வேகத்தில் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வந்துசேர்வீர்கள் என்று சொல்லுங்கள். கையடக்க ரேடியோவின் எட்டுதூரம் படகிலிருந்து படகுக்குச் சில கடல் மைல்கள் மட்டுமே என்பதால், கேட்கும் படகு கரைக்குத் தகவலைக் கடத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசி எடுக்கும் தொலைவில் இருந்தால் துறையில் ஒருவரிடம் சொல்லி, ஒரு மணிக்கொரு முறை பேசுவதாக ஏற்பாடு செய்யுங்கள். தவறினால் அவர் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்க வேண்டும். இரண்டாவது எஞ்சினும் தடுமாறத் தொடங்கினாலோ, தண்ணீர் ஏறினாலோ, யாருக்கேனும் உடல்நிலை மோசமானாலோ நீங்களே உடனே அழையுங்கள். இரண்டும் நின்று இருட்டிய பிறகு அழைப்பதைவிட, ஒன்று ஓடும்போது பகலில் அழைப்பது தேடுகிறவர்களுக்கும் எளிது.

6. நின்ற எஞ்சினைத் தூக்குங்கள், பாரத்தை மாற்றுங்கள்

தண்ணீருக்குள் தொங்கும் எஞ்சின் படகைப் பின்னுக்கு இழுக்கும், ஒரு பக்கமாகவும் திருப்பும். எனவே அதை முழுதாகத் தூக்கி, பூட்டுக் கொக்கியைப் போடுங்கள். கொக்கி போடாமல் விட்டால் அலையில் குதிக்கும்போது எஞ்சினின் முழு எடையும் தூக்கும் சாதனத்தின் மேல் அடிக்கும்.

மின்சாரம் இல்லாததால் தூக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், எஞ்சினைப் பின்பலகையில் பிடித்திருக்கும் பிடியின் பக்கத்தில் ஒரு பெரிய திருகு இருக்கும். அதைத் தட்டை ஸ்குரூடிரைவரால் இடப்பக்கம் திருகித் தளர்த்தினால் கையால் தூக்கலாம். தூக்கியபின் மீண்டும் இறுக்க வேண்டும். எஞ்சின் கனமானது, இரண்டு பேர் வேண்டும். இந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பதைக் கரையிலேயே தொட்டுப் பார்த்திருப்பது நல்லது.

இரண்டு எஞ்சின்களையும் ஒரு தண்டு இணைத்து ஒன்றாகத் திருப்பும் படகுகளில், ஒன்றைத் தூக்கியபின் சக்கரத்தை மெதுவாக இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். தூக்கிய எஞ்சினின் மூடி மற்றதில் இடிக்குமானால், எந்த அளவு வரை திருப்பலாம் என்று சக்கரத்தில் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பாரம். இரண்டு எஞ்சின் எடையும் பின்னால் இருக்க, மெதுவாகப் போகும் படகின் பின்புறம் தாழ்ந்தே கிடக்கும். ஐஸ் பெட்டியையும் ஆட்களையும் நடுவுக்கும் சற்று முன்னுக்கும் நகர்த்துங்கள். அணியத்தின் நுனிவரை கொண்டுபோய்விடாதீர்கள். பின்னாலிருந்து அலை வரும்போது மூக்கு தாழ்ந்த படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும். உருளும்போது ஓடும் எஞ்சினின் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சிக் கூவினால், ஓர் ஆளை அந்த எஞ்சின் பக்கம் உட்காரவைத்தால் அது ஆழத்தில் நிற்கும்.

7. வேகம்: கையை அடக்குவதே கடினம்

இரண்டு எஞ்சின்களுக்காகத் தேர்ந்தெடுத்த புரொப்பல்லர் ஒற்றை எஞ்சினுக்கு மிகப் பெரிய சுமை. முழு த்ராட்டிலில் 5000 முதல் 6000 ஆர்பிஎம் தொட வேண்டிய எஞ்சின், முழு படகையும் தனியாக இழுக்கும்போது 3800இலேயே முட்டிக்கொண்டு நிற்கலாம். மேட்டில் நான்காம் கியரில் ஏறும் வண்டியைப்போல அது திணறுகிறது. அந்த நிலையில் மணிக்கணக்கில் ஓட்டினால் சூடேறி அதுவும் போய்விடும்.

படகு தன் அடிப்பாகத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் நிலையில் அதன் இயல்பான உச்ச வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். 23 அடிக்கு ஏறத்தாழ 6.4 நாட். அதற்குச் சற்றுக் கீழே, அதாவது 5.5 முதல் 6 நாட்டில் நிறுத்துங்கள்.

அதற்கு மேல் த்ராட்டில் கொடுத்தால் படகு மூக்கைத் தூக்கும், பின்புறம் குழி தோண்டும், பெட்ரோல் கொட்டும். வேகம் மட்டும் அரை நாட் கூடும். தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கும் நிலைக்கு ஒற்றை எஞ்சினில் வந்துவிடும் படகுகளும் இருக்கின்றன. ஒத்திகையில் அப்படி எழும்பி, ஆர்பிஎம்மும் எஞ்சினுக்குரிய வரம்பில் நின்றிருந்தால் மட்டுமே, அமைதியான கடலில் அதை முயலலாம். ஒத்திகை செய்யாதவர் முயல வேண்டாம்.

கையில் தாள் இல்லையென்றால் ஒரு சோதனை உதவும். த்ராட்டிலைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கூட்டியும் ஆர்பிஎம் ஏறாத இடம் வந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்; அங்கிருந்து 500 ஆர்பிஎம்மாவது பின்வாங்கி அந்த இடத்திலேயே விடுங்கள்.

8. நேரமும் எரிபொருளும்

கரையிலிருந்து 18 கடல் மைல், அதாவது சுமார் 33 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 22 நாட்டில் 50 நிமிடத்தில் வந்த தூரம். 6 நாட்டில் திரும்ப 3 மணி நேரம் ஆகும். எதிர்க்காற்று ஒரு நாட்டைத் தின்றால் 3 மணி 36 நிமிடம். டிசம்பரில் புதுச்சேரியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எனவே மதியம் 2 மணிக்கு மேல் எஞ்சின் நின்றால், 15 நிமிடம் பழுதுபார்க்கவும் நேரமில்லை. நான்காம் பகுதியின் கேள்விக்கு விடை தெரிந்ததும் ஓடும் எஞ்சினில் கரையை நோக்கித் திரும்பிவிட்டு, மற்றதைப் போகும் வழியிலேயே மற்றொருவர் பார்க்கட்டும்.

எரிபொருளை ஒத்திகைத் தாளைக் கொண்டு கணக்கிட்டு, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும் என்று வையுங்கள். நின்ற எஞ்சினின் தொட்டியிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் அதன் பெட்ரோல் சுத்தம் என்று பாட்டில் சோதனையில் தெரிந்தால் மட்டும். ஒரு தொட்டியே குறைந்துவந்தால் படகு சாயும் என்பதையும் கவனியுங்கள்.

9. எந்தத் திசையில் ஓட்டுவது

22 நாட்டில் போகும்போது நீரோட்டம் உங்களுக்குத் தெரியாது. 6 நாட்டில் அது பயணத்தையே தீர்மானிக்கும். வங்கக் கடலின் இந்தக் கரையில் கோடைக்காலத்தில் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். ஒரு நாட் வேக நீரோட்டம் 3 மணி நேரத்தில் உங்களை 3 கடல் மைல் தள்ளிவிடும்.

துறையை நோக்கி நேராக மூக்கை வைத்துக்கொண்டு ஓட்டுவது இங்கே செய்யும் தவறு. வடக்கே ஓடும் நீரோட்டத்தில் படகு வளைந்து வளைந்து போய், கடைசியில் துறைக்கு வடக்கே வந்து, நீரோட்டத்துக்கு எதிராகத் தெற்கே ஏற வேண்டியிருக்கும். களைத்துப்போன நேரத்தில், மிச்சமிருக்கும் பெட்ரோலில் செய்ய வேண்டிய வேலை அல்ல அது. துறை நேர் மேற்கே, 270 டிகிரியில் இருந்து, நீரோட்டம் ஒரு நாட்டில் வடக்கே ஓடினால், 6 நாட் படகு 260 டிகிரியில் மூக்கை வைக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் மூக்கின் திசையைப் பார்க்காமல், படகு உண்மையில் நகரும் திசையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வாருங்கள். ஐயம் இருந்தால் நீரோட்டம் வரும் பக்கமாகவே சற்று அதிகம் ஒதுங்கி வாருங்கள். அங்கிருந்து துறைக்கு அது உங்களைத் தானே கொண்டுவந்து விடும்.

புறப்பட்ட துறைக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாடைக்காலத்தில் புதுச்சேரிக்குத் தென்கிழக்கே எஞ்சின் நின்றால், நீரோட்டத்தோடு கடலூர் போவது எளிதாக இருக்கலாம். வண்டி கரையில் காத்திருக்கிறது என்பதற்காக அலையை எதிர்த்து ஏறாதீர்கள்.

10. திரும்பும் வழியில்

ஓடும் எஞ்சின் நடுவில் இல்லாமல் பக்கத்தில் இருப்பதால், மூக்கு எப்போதும் நின்ற எஞ்சினின் பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். சக்கரத்தை ஓடும் எஞ்சின் பக்கமாகச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டும். கை வலிக்கும், அரை மணிக்கு ஓர் ஆள் மாறுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்து, நான்கைக் கவனியுங்கள்: சோதனைத் தண்ணீர் பீய்ச்சுகிறதா, சத்தம் மாறியிருக்கிறதா, பேட்டரி வோல்ட்டேஜ் நிற்கிறதா, படகின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா. நான்காவதைத்தான் மறப்பார்கள். மெதுவாகப் போகும் படகின் தாழ்ந்த பின்புறத்தில், தானாக வடியும் துவாரங்கள் வழியே தண்ணீர் உள்ளே வரக்கூடும்.

கோடையில் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். மேற்கு நோக்கி வரும் படகுக்கு அது பின்பக்க மூலையில் அடிக்கும். வேகமான படகு அலையை முந்திப் போகும். உங்களை அலை முந்தும். ஒவ்வொரு அலையும் பின்புறத்தைத் தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளப் பார்க்கும்போது, அது தள்ளத் தொடங்கும் முன்பே சக்கரத்தைச் சிறிதாகத் திருப்பிச் சமாளிக்க வேண்டும். அப்போதும் படகு திமிறினால் 30 மீட்டர் தடித்த கயிற்றை வளையமாகப் பின்பலகையின் இரு மூலையிலும் கட்டி இழுத்துவாருங்கள். அது பின்புறத்தைப் பிடித்து நிறுத்தும். கயிறு புரொப்பல்லருக்கு எட்டாதபடி ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவதும் நின்றுவிட்டால், ஆழம் குறைந்த இடத்தில் உடனே நங்கூரம் போடுங்கள். கயிறு அடியைத் தொடாத ஆழத்தில், வாளியையோ கித்தான் பையையோ நீண்ட கயிற்றில் அணியத்திலிருந்து விட்டால், மூக்கு அலைக்கு நேராக நிற்கும், மிதந்து போகும் வேகமும் குறையும். இழுத்துப்போக வேறு படகு வந்தால் கயிற்றை அணியத்தின் கீழுள்ள வளையத்தில் கட்டுங்கள். ஒரு எஞ்சினை மட்டும் பாதி இறக்கி வையுங்கள். அதன் அடிக்கத்தி, அதாவது அடியில் நீட்டியிருக்கும் தகடு, படகை நேராக வைத்திருக்கும்.

11. முகத்துவாரம்

முழுப் பயணத்திலும் மிக ஆபத்தான இடம் கடைசி 300 மீட்டர். தேங்காய்த்திட்டுக்குள் நுழையும் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். காலையில் வெளியே வந்த பாதை மாலையில் அதே ஆழத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு எஞ்சின் இருக்கும்போது அலையின் முதுகில் ஏறி, வேகம் கொடுத்து உள்ளே போவோம். அந்த வேகம் இன்று உங்களிடம் இல்லை.

எனவே வெளியே, அலை உடையாத ஆழத்தில் நின்று பாருங்கள். குறைந்தது 15 நிமிடம். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளி எத்தனை நொடி நீடிக்கிறது, உங்கள் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். போதாது என்றால் நுழையாதீர்கள். வற்றும் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தில், ஆற்றுநீர் வெளியே பாய்ந்து அலையோடு மோதும்போது அலை செங்குத்தாக எழும். ஏற்ற ஓதம் வரும்வரை காத்திருப்பது நல்லது. துறையிலுள்ள பெரிய படகை அழைத்து, கூட வரச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நுழைவதற்கு முன்: எரிபொருள் குழாய் சுத்தமான கேனில் இருக்கட்டும். அணியத்தில் ஓர் ஆள் நங்கூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கயிறு சிக்கில்லாமல் சுருட்டிக் கிடக்க, உட்கார்ந்திருக்கட்டும். எஞ்சின் நின்றால் "போடு" என்ற ஒரு சொல்லுக்கு நங்கூரம் தண்ணீரில் விழ வேண்டும். மற்றவர்கள் படகின் நடுவில், தாழ உட்கார வேண்டும். கடைசிப் பெரிய அலை கடந்த உடனே அதன் முதுகைப் பிடித்துப் பின்தொடருங்கள். பாதியில் மனம் மாறித் திரும்பாதீர்கள், திரும்பும்போது படகின் பக்கவாட்டில் அலை அடிக்கும்.

12. துறையில் கட்டுதல்

ஒற்றை எஞ்சினில் படகு நின்ற எஞ்சினின் பக்கமாக எளிதில் திரும்பும், ஓடும் எஞ்சினின் பக்கமாகத் தயங்கும். ரிவர்ஸில் இது மாறும்: மூக்கு ஓடும் எஞ்சினின் பக்கமும், பின்புறம் நின்ற எஞ்சினின் பக்கமும் போகும். காற்றுக்கு எதிராக, மிக மெதுவாக அணுகுங்கள். இடது எஞ்சின் நின்றிருந்தால் இடப்பக்கத்தைத் துறையோடு ஒட்டும்படி வந்து கடைசியில் சிறிது ரிவர்ஸ் கொடுத்தால், பின்புறம் தானாகவே துறையோடு சேரும்.

13. அன்றைக்கே செய்ய வேண்டியவை

நின்ற எஞ்சினின் கோளாறு தெரியாமல் அடுத்த பயணத்துக்குத் தேதி சொல்லாதீர்கள். கெட்ட பெட்ரோல்தான் காரணம் என்றால் இரண்டு தொட்டியையும் காலிசெய்து துடைக்க வேண்டும். மேலிருந்து புதிய பெட்ரோலை ஊற்றிக் கலப்பது அடியிலுள்ள தண்ணீரை அகற்றாது.

ஓடிவந்த எஞ்சினுக்கும் பரிசோதனை உண்டு. அது மூன்று மணி நேரம் தன் சக்திக்கு மீறி இழுத்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெயின் நிறத்தையும் மட்டத்தையும் பார்த்து, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கையை மாற்றிவிடுங்கள். எந்த ஆர்பிஎம்மில் எத்தனை நாட், மொத்தம் எத்தனை லிட்டர் ஆனது என்பதை, நினைவு பசுமையாக இருக்கும்போதே, ஒத்திகைத் தாளின் கீழே எழுதிவையுங்கள்.